ஒன்பதாம் அதிகாரம்

‘நீரஜாக்ஷி அல்லது அருவிக்குள் அரண்மனை’ என்ற நாவலை முதல் பக்கத்திலிருந்து கடைசிப் பக்கம் வரை ஒரு வரி விடாமல் படித்த ஜீவன் இந்த உலகத்தில் நான் ஒருத்திதான். ஒரு தடவை இல்லை, ஐந்து தடவை. மூன்று தடவை கையால் பிரதி எடுத்தேன். இரண்டு தடவை அச்சுத் தாளில் பிழை பார்த்தேன். ஆசிரியரை நான் சேர்க்கவில்லை. அவர் அதை எழுதினாரே தவிரப் படித்தது கிடையாது.

ஆசிரியர் என் வீட்டுக்காரர். அவர் பெயரை வாயால் சொல்லும் வழக்கம் எனக்கு இல்லை. எழுதத் தடை இல்லை என்பதால் எழுதுகிறேன்: சங்கரநாராயண பிள்ளை. மேலட்டையில் நாவலின் பெயரைவிடப் பெரிய எழுத்தில் அதுதான் இருக்கிறது. தென்காசியில் பெரிய கோயிலுக்குத் தெற்கே எங்கள் வீடு. கடையத்தில் கொஞ்சம் நஞ்சை. ஆனி பிறந்து சாரல் விழ ஆரம்பித்தால் குற்றாலத்தில் ஐந்தருவிப் பாதையில் இருக்கும் சின்ன வீட்டுக்கு ஜாகை மாற்றிக்கொள்வோம். ஆவணி பாதியில் திரும்புவோம். ஒரே மகளை வீரகேரளம்புதூரில் கட்டிக் கொடுத்த பிறகு அவருக்குப் பொழுது போகவில்லை. நாவல் எழுத உட்கார்ந்தார்.

அவர் கையெழுத்து கோழி கிண்டியது போல இருக்கும். அச்சுக்கூடத்தார் முதல் அதிகாரத்தைத் திருப்பி அனுப்பி, வாசிக்கும்படியான பிரதி இருந்தால் அனுப்புங்கள் என்று எழுதினார்கள். நான் மிஷன் பள்ளிக்கூடத்தில் எட்டாவது வரை படித்தவள். என் எழுத்து நன்றாக இருக்கும் என்பது கல்யாணத்துக்கு முன்பே பெண் பார்க்க வந்தவர்களுக்குச் சொல்லப்பட்ட விஷயம். ஆக, பகல் சாப்பாடு முடிந்து அவர் கண் அயரும் நேரத்தில் நல்ல பிரதி எடுப்பது என் வேலை என்றாயிற்று.

கதை இதுதான். குற்றாலம் பேரருவிக்குப் பின்னால், பாறைக்குள், கந்தர்வர்களின் நகரம் ஒன்று இருக்கிறது. அதன் இளவரசி நீரஜாக்ஷி. வேட்டைக்கு வந்த விஜயதுரந்தரன் என்ற ராஜகுமாரன் கால் வழுக்கி அருவிக்குள் விழுந்து, அவளைப் பார்த்து மூர்ச்சையாகிறான். அவளும் அவனைப் பார்த்து மூர்ச்சையாகிறாள். இருவருமாகச் சேர்ந்து பதினொரு தடவை மூர்ச்சையாகிறார்கள், எண்ணிப் பார்த்துவிட்டுத்தான் சொல்லுகிறேன். விழித்திருக்கிற நேரத்தில் ஒருவரோடு ஒருவர் பேசுவதில்லை. அவர்கள் பேச வேண்டிய இடத்தில் எல்லாம் வருணனை வந்துவிடுகிறது. அவள் கூந்தலுக்கு மட்டும் ஒன்பது பக்கம்.

நகரத்தின் லட்சணம் அதைவிட மோசம். ஆயிரத்தெட்டு மாடம் உண்டு, பவழத் தூண் உண்டு, மரகதப் படி உண்டு, அடுப்படி கிடையாது. பாறைக்குள் இருக்கும் ஊரில் இளவரசி வெயிலில் தலை உலர்த்துகிறாள். கந்தர்வர் மேனியில் தண்ணீர் ஒட்டாது என்று முதல் அதிகாரத்தில் சத்தியம் செய்துவிட்டு, நாலாம் அதிகாரத்தில் அவளை ஈரச் சேலையோடு நிற்க வைக்கிறார், வருணனைக்கு வசதியாக. பௌர்ணமி பதினேழு நாள் நீடிக்கிறது. பார்வையாலேயே மலையைப் பொடியாக்கும் மந்திரவாதியை ஆறாம் அதிகாரத்தில் இரண்டு காவலாளிகள் கயிற்றால் கட்டிப் போட்டுவிடுகிறார்கள். கண்ணைக் கட்டினார்களா என்றால் அதுவும் இல்லை.

பொய் ஊர்தானே, எப்படி இருந்தால் என்ன என்று சிலர் கேட்பார்கள். பொய் ஊருக்குத்தான் ஒழுங்கு அதிகம் வேண்டும் என்பது என் கட்சி. நிஜ ஊரில் நாம் கவனிக்காவிட்டாலும் கிணறு இருக்கும், குப்பை அள்ளுகிறவன் வருவான், அது பாட்டுக்கு நடக்கும். பொய் ஊரில் எழுதுகிறவன் வைத்ததுதான் உண்டு. அவன் அடுப்பை மறந்தால் அத்தனை கந்தர்வரும் பட்டினி. குடும்பம் நடத்தத் தெரியாதவன் உலகம் உண்டாக்கப் புறப்பட்டால் இப்படித்தான் ஆகும்.

ஒருநாள் பொறுக்கமாட்டாமல் கேட்டுவிட்டேன்.

"பாறைக்குள்ள இருக்குத ஊருக்கு வெயிலு எப்படி வந்துச்சு?"

"அது கற்பனைட்டி."

"கற்பனையிலயும் வெயிலு மேலேருந்துதான வரணும்? ஒரு ஓட்டையாவது வையுங்களேன்."

"கந்தர்வ லோகத்துல ஓட்டையா? நல்ல ஆளு நீ. எழுத்துப் பிழை மட்டும் பாரு, போதும். கதையை நான் பாத்துக்கிடுதேன்."

"சரி, அதுங்க ரெண்டும் ஒரு வார்த்தை பேசிக்கிடலாம்லா? பாக்கதும் விழுததுமா இருந்தா எப்படி?"

அவருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "காதல்ல என்னட்டி பேச்சு? பாத்தான், மயங்குனான். அம்புட்டுதான்."

இருபது வருஷம் என்னோடு குடித்தனம் நடத்தியவர் இதைச் சந்தேகமே இல்லாமல் சொன்னார். அந்த இருபது வருஷமும் எனக்கு அப்போது விளங்கியது.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். அருவிக்குள் அரண்மனை கட்டிய இந்த மனிதர் அருவியில் குளித்ததே இல்லை. பச்சைத் தண்ணீர் பட்டால் சளி பிடிக்கும். குற்றாலத்துக்கு வந்து இரண்டரை மாதமும் வீட்டில் வெந்நீர்தான். சாயங்காலம் தலையில் மப்ளர் சுற்றிக்கொண்டு குடையோடு போய், பத்தடி தள்ளி நின்று பேரருவியைப் பார்த்துவிட்டுத் திரும்புவார். நானும் வேலைக்கார முருகம்மாளும் விடியற்காலம் எண்ணெய் தேய்த்துக்கொண்டு போவோம். முதல் அடியில் மூச்சே நின்றுவிடும். அப்புறம் தண்ணீர் முதுகைப் போட்டு மிதிக்கும். கீழே பாறை பாசி பிடித்துக் காலை வாரப் பார்க்கும், கம்பியை விட்டால் போச்சு. அவர் நாவலில் அருவி பத்து இடத்தில் விழுகிறது, பத்து இடத்திலும் முத்துச்சரம் போல.

ஒன்பதாம் அதிகாரத்துக்கு வந்தேன். ‘காதலர் சல்லாபம்’ என்று தலைப்பு போட்டிருந்தார். அப்பாடா, ஒருவழியாகப் பேசப் போகிறார்கள் என்று தாளைத் திருப்பினேன். பதினான்கு பக்கம். முதல் பக்கத்திலேயே இருவரும் மூர்ச்சை. மற்ற பதின்மூன்று பக்கமும் பழைய கூந்தல், மேகத்துக்குப் பதில் பாசி என்று மாற்றியிருந்தார். நான் பேனாவைக் கீழே வைத்துவிட்டேன்.

எனக்கு அப்போது நினைவு வந்தது வேறொரு சங்கதி. கல்யாணமாகி மூன்றாம் வருஷம், குற்றாலம் வீட்டில், எனக்கு விஷக் காய்ச்சல். நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொண்டுவிட்டது. அடுத்த அறையில் அவர் சிநேகிதர்களுக்குத் தாம் எழுதிய பாட்டை வாசித்துக்கொண்டிருந்தார். "தண்ணி" என்று கூப்பிட்டேன். காதில் விழுந்து எழுந்து வந்தார். வாசல் நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றார். "முருகம்மா இப்ப வந்திருவா" என்று சொல்லிவிட்டுத் திரும்பிப் போனார். முருகம்மாள் துணி அலச ஆற்றுக்குப் போயிருந்தாள். தண்ணீர்ப் பானை அவர் நின்ற இடத்துக்கும் என் பாய்க்கும் நடுவில்தான் இருந்தது. இதனால் அவரைக் கெட்டவர் என்று சொல்லமாட்டேன். என்னை அடித்ததில்லை, வைததில்லை. தண்ணீர் மொண்டு கொடுக்கலாம் என்பது அவருக்குத் தோன்றவில்லை, அவ்வளவுதான்.

அவருடைய பதினான்கு பக்கத்தையும் மடித்து என் டிரங்குப் பெட்டியில் சேலைக்கு அடியில் வைத்தேன். நாலு பகல் உட்கார்ந்து நானே ஒன்பதாம் அதிகாரத்தை எழுதினேன்.

முதலில் அந்த ஊர்ப் பாறையில் ஓர் ஓட்டை வைத்தேன். அங்கே நெருப்பு கிடையாது, எல்லாவற்றையும் பச்சையாகத்தான் தின்பார்கள் என்று வைத்தேன், ஆக அடுப்பில்லாததற்கு ஒரு நியாயம் கிடைத்தது. அங்குள்ளவர்கள் வெளியே வந்தால் தண்ணீர் இல்லாமல் நெடுநேரம் தாங்கமாட்டார்கள் என்றும் ஒரு விதி வைத்தேன். அப்புறம் நீரஜாக்ஷியை அருவியை விட்டு வெளியே கூட்டி வந்து, சற்று மேலே ஒரு பாறையில் உட்கார வைத்தேன். கொஞ்ச நேரத்தில் அவளுக்கு உடம்பு காய்கிறது. உதடு வெடிக்கிறது. ராஜகுமாரன் அவளை வருணிக்கவில்லை. "உனக்கு என்ன வேண்டும்?" என்று கேட்கிறான். தண்ணீர் என்கிறாள். அவனிடம் பாத்திரம் இல்லை. கீழே இறங்கி இரண்டு கையிலும் ஏந்திக்கொண்டு, கால் பெருவிரலை மடக்கி ஊன்றி, வழுக்குப் பாறையில் ஏறி வருகிறான். வந்து சேரும்போது விரலிடுக்கில் ஈரம் மட்டும் இருக்கிறது. அந்த ஈரத்தை அவள் உதட்டில் வைத்துவிட்டு மறுபடி இறங்குகிறான். அப்படியே ஏறுவதும் இறங்குவதுமாக இருக்கிறான். நடுநடுவே பேசுகிறார்கள். நெருப்புச் சூடு என்றால் எப்படி இருக்கும் என்று அவள் கேட்கிறாள். உள்ளங்கையை வாய்க்கு நேரே வைத்து ஊதிப் பார், அதைப் போல நூறு மடங்கு என்று அவன் சொல்லுகிறான். அவள் ஊதிப் பார்த்துச் சிரிக்கிறாள். முழங்கால் பெயர்ந்து ரத்தம் வழிய அவன் ஏறி வந்தபோது, "போதும், உட்காரு" என்கிறாள். அவன் உட்காருகிறான். அதிகாரம் அங்கே முடிகிறது. யாரும் மூர்ச்சையாகவில்லை.

ஏன் எழுதினாய் என்று கேட்டால் மழுப்பாமல் சொல்லுகிறேன். அந்த நாவலைத் தேற்றுவதற்காக இல்லை. அதைத் தேற்ற முடியாது. அவர் இதைப் படிப்பார், இது நான் எழுதியதில்லையே என்று திடுக்கிடுவார், அந்தப் பையன் மூன்றாம் தடவை தண்ணீர் எடுத்து வரும்போது அவருக்கு என் காய்ச்சல் ஞாபகம் வரும், தலையை நிமிர்த்தி என்னை ஒரு தடவை பார்ப்பார் என்று நினைத்தேன். கோபித்துக்கொண்டாலும் பரவாயில்லை. அந்த ஒரு பார்வைக்காகத்தான் எழுதினேன்.

பிரதி அச்சுக்குப் போயிற்று. பிழை பார்க்கத் தாள் வந்தது. அது தம் தகுதிக்குக் குறைந்த வேலை என்று என்னிடம் தள்ளிவிட்டு, நான் திருத்திக் கொடுத்ததில் கையெழுத்து மட்டும் போட்டார். ஆனி நடுவில் புத்தகக் கட்டு குற்றாலத்துக்கே வந்து இறங்கியது. பிரித்து முகர்ந்து பார்த்தார். தம் போட்டோவைப் பார்த்தார். பிறகு சிறப்புப் பாயிரம் வாசித்தார். ஏழு வித்துவான்கள் பாடியது. ஏழு பேரில் ஒருவருக்கும் புத்தகத்தைக் காட்டியது கிடையாது. காட்டாமல் பாயிரம் வாங்குவதுதான் நம்மூர் முறை. ஒருவர் இது முருகன் மேல் பாடிய புராணம் என்று எண்ணிக்கொண்டு ‘வேலன் அருள் பெருகும்’ என்று முடித்திருந்தார். இவர் அந்த ஏழு பாட்டையும் காலையும் மாலையும் வாசித்தார். அதற்கு அப்பால் ஒரு தாளைத் திருப்பவில்லை.

நான் ஒன்பதாம் அதிகாரத்தை விரித்து அவர் நாற்காலிப் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன். அதன் மேல் மூக்குப்பொடி டப்பியை வைத்தார். காப்பி கொடுக்கும்போது, "நடுவுல எல்லாம் சரியா வந்திருக்கான்னு ஒரு கண் பாருங்க" என்று சொல்லிப் பார்த்தேன். "நீ பாத்தா நான் பாத்த மாதிரி" என்றார். எந்தப் பெண்டாட்டியும் கேட்டுச் சந்தோஷப்படக்கூடிய வார்த்தை. எனக்கு வயிற்றெரிச்சலாக இருந்தது.

ஆடிக் கடைசியில் மதராஸிலிருந்து ஒரு மாசிகை வந்தது. அதில் மதிப்புரை வந்திருப்பதாகத் தகவல் தெரிந்து, ஒரு சாயங்காலம் சிநேகிதர்கள் கூடினார்கள். வக்கீல் நல்லக்கண்ணு பிள்ளை, ஓய்வு பெற்ற ஹெட்மாஸ்டர் ஒருவர், கடையநல்லூரில் ஜவுளி வியாபாரம் செய்யும் ஹபீபுல்லா சாயபு. நான் அடுப்படிக் கதவுக்குப் பின்னால் பால் காய்ச்சிக்கொண்டிருந்தேன். வக்கீல் கோர்ட்டுக் குரலில் வாசித்தார்.

"‘இந்நூலில் வரும் கந்தர்வ நகரம் நாடகக் கொட்டகைத் திரைச்சீலையே அன்றி வேறன்று. பின்னால் சென்று பார்த்தால் மூங்கிலும் கயிறும்தான் இருக்கும். வானம் எது, தரை எது என்பது ஆசிரியருக்கே தெரியவில்லை. காதலர் இருவரும் ஓயாமல் மயங்கி விழுவதால் வைத்தியரை அழைக்கலாமா என்று தோன்றுகிறதே ஒழிய, அவர்கள் மேல் நமக்கு அன்பு உண்டாகவில்லை.’"

வக்கீல் நிறுத்தினார். "மேல வாசியும்" என்று என் வீட்டுக்காரர் ஈனமான குரலில் சொன்னார்.

"‘ஆயினும் ஒன்பதாம் அதிகாரம் என்று ஒன்று இருக்கிறது. கையில் தண்ணீர் ஏந்தி வரும் அந்தக் காட்சியைப் படித்துவிட்டு நாம் புத்தகத்தை மூடி வைத்துச் சற்று நேரம் சும்மா இருந்தோம். அந்த ஒரு அதிகாரத்தில்தான் இந்த நகரத்துக்கு உயிர் வருகிறது, காதல் என்பதும் அங்கேதான் இருக்கிறது. மற்றதை எழுதிய கை இதை எழுதியிருக்க முடியாது. எங்கிருந்து எடுத்தது என்பதை ஆசிரியர் ஒளிக்காமல் சொல்லிவிடுவது நேர்மை.’"

பால் பொங்கி அடுப்பில் வழிந்தது. வழியட்டும் என்று நின்றேன். எனக்கு அப்படி ஒரு சந்தோஷம் என் மகள் பிறந்தபோதுகூட இருந்ததில்லை. முகம் தெரியாத ஒரு மனுஷன் நான் எழுதியதைப் படித்துவிட்டுச் சற்று நேரம் சும்மா இருந்திருக்கிறான்.

என் வீட்டுக்காரர் புத்தகத்தை எடுத்துக்கொண்டு உள்ளே வந்தார். "ஒன்பதாம் அதிகாரம் எங்கன இருக்கு?" என்று என்னைக் கேட்டார். எடுத்துக் கொடுத்தேன். ஜன்னலோரம் வெளிச்சத்தில் நின்றுகொண்டு படித்தார். அவருக்கு வாயசைத்துத்தான் படிக்க வரும். உதட்டைப் பார்த்தே எந்த வரியில் இருக்கிறார் என்று எனக்குத் தெரிந்தது. அவன் கேட்டுவிட்டான், என்ன வேண்டும் என்று. இறங்கிவிட்டான். ஏறுகிறான். இரண்டாம் தடவை. மூன்றாம் தடவை. அந்த இடத்தில் அவர் விரல் நின்றது. தலையை நிமிர்த்தி என்னைப் பார்த்தார்.

"எந்தப் புஸ்தகத்தைப் பாத்து எழுதுன?"

"எதையும் பாக்கல. நான்தான் எழுதுனேன்."

சிரித்தார். கோபித்திருந்தால் தேவலை. "வெளையாடாத. உனக்கு இதெல்லாம் எப்படித் தெரியும்?"

"எனக்குத் தெரியாம யாருக்குத் தெரியும்? கல்யாணமாகி மூணாம் வருசம் இந்த வீட்டுலதான் காய்ச்சல்ல கெடந்தேன். தண்ணி கேட்டேன். நீங்க அந்தா, அந்த நிலைகிட்ட வந்து நின்னீங்க. ஞாபகம் இருக்கா?"

திரும்பி நிலையைப் பார்த்தார். "காய்ச்சலா? உனக்கா? எப்போ?"

நடிக்கவில்லை. மெய்யாகவே ஞாபகம் இல்லை. ஞாபகம் வைத்துக்கொண்டு மறைத்திருந்தால்கூட அவரிடம் சண்டை போட எனக்கு ஒரு பிடி இருந்திருக்கும்.

"அதை விடு," என்று குரலைத் தாழ்த்தினார். "வெளிய எல்லாரும் இருக்காங்க. பொண்டாட்டி எழுதுனதைத் தன் பேருல போட்டான்னு வந்துச்சுன்னா நான் தென்காசில தலை காட்ட முடியுமா? இங்கிலீஷ்லேருந்து எடுத்ததுன்னா அது வேற. பெரிய பெரிய ஆளெல்லாம் எடுக்காங்க. போன வருசம் பக்கத்து பங்களா துரைசானி ஊருக்குப் போகும்போது உனக்குப் பழைய புஸ்தகமெல்லாம் குடுத்துட்டுப் போனால்லா? அதுல ஒண்ணுதான இது? நல்லா யோசிச்சுச் சொல்லு."

திருடினேன் என்று ஒப்புக்கொள்வதில் இவருக்குக் கூச்சம் இல்லை. என்னிடமிருந்து வந்தது என்று ஒப்புக்கொள்ளத்தான் கூச்சம். எனக்கு அழுகை வரவில்லை, ஆங்காரம்தான் வந்தது.

"ஆமா," என்றேன். "அதுல ஒண்ணுதான்."

"யாரு எழுதுனது?"

மிஷன் பள்ளிக்கூடத்தில் எங்களுக்குத் தையல் சொல்லிக் கொடுத்த வெள்ளைக்கார அம்மாவின் பெயர்தான் வாயில் வந்தது. "மிஸ் வின்டில்."

"புஸ்தகம் எங்க?"

"அட்டையெல்லாம் போயி, செல்லரிச்சுக் கெடந்துது. அடுப்புல போட்டுட்டேன்."

அவர் முகத்தில் ரத்தம் திரும்பியது. வேட்டியை உதறிக் கட்டிக்கொண்டு வெளியே போனார். நான் கதவுக்குப் பின்னால் நின்றேன்.

"அது வேற ஒண்ணுமில்ல. ஒன்பதாம் அதிகாரம் இங்கிலீஷ் தழுவல். மிஸ் வின்டில்னு ஒரு அம்மா. முன்னுரையில சொல்ல விட்டுப் போச்சு."

"வின்டிலா!" என்றார் வக்கீல். "நான் அப்பவே நெனச்சேன். திருச்சில பி.ஏ. படிக்கும்போது எங்களுக்குப் பாடமா வச்சிருந்தாங்க."

"நான் ரெண்டு மூணு வாசிச்சிருக்கேன்," என்றார் ஹெட்மாஸ்டர். "மூலத்துல இருக்குத ருசி தமிழ்ல வராது. உமக்கு முடிஞ்ச வரைக்கும் கொண்டாந்திருக்கீரு. ஒண்ணு சொல்லுதேன், பொம்பளை மனசை இப்படி எழுதணும்னா அதுக்கு வெள்ளைக்காரிதான் வேணும். நம்ம வீட்டுப் பொம்பளைகளுக்கு மனசுன்னு ஒண்ணு இருக்குததே அதுகளுக்குத் தெரியாது."

ஹபீபுல்லா சாயபு மட்டும் புத்தகத்தை வாங்கிப் புரட்டிக்கொண்டிருந்தார். "இல்ல அண்ணாச்சி, எனக்கு ஒரு சந்தேகம். பாசிப் பாறைல பெருவிரலை மடக்கி ஊனி ஏறணும்னு இதுல போட்டிருக்கு. நம்ம அருவில குளிச்சவங்களுக்குத்தான அது தெரியும்? சீமைல இருக்குத பொம்பளைக்கு எப்படித் தெரியும்?"

"சீமைலயும் அருவி இருக்குல்லா சாயபு," என்று வக்கீல் அதட்டினார். எல்லோரும் சிரித்தார்கள். சாயபுவும் சிரித்துவிட்டுப் புத்தகத்தை வைத்துவிட்டார். எனக்குக் கதவைத் திறந்துகொண்டு வெளியே போய் அவர் காலில் விழ வேண்டும் போல இருந்தது. போகவில்லை. காப்பியை முருகம்மாளிடம் கொடுத்து அனுப்பினேன். "மதினி, காப்பி பிரமாதம்!" என்று வக்கீல் உள்பக்கம் பார்த்துக் குரல் கொடுத்தார்.

மாசிகைக்குப் பதில் எழுதினார். நான் நல்ல பிரதி எடுத்துக் கொடுத்தேன். மறு மாதம் அதை அப்படியே வெளியிட்டு, ஆசிரியரின் நேர்மையைப் பாராட்டி, மிஸ் வின்டில் போன்ற மேதைகள் நம் பெண்களிடையே தோன்றும் நாள் எந்நாளோ என்று ஏங்கியிருந்தார்கள். அந்த அம்மாளின் மற்றக் கதைகளையும் மாதம் ஒன்றாகத் தமிழில் தர வேண்டும் என்று கேட்டு, தனிக் கடிதமும் வந்தது.

நாங்கள் தென்காசிக்குத் திரும்பியிருந்தோம். நான் கீரை ஆய்ந்துகொண்டிருந்தேன். கடிதத்தோடு ஓடிவந்து என் எதிரே குத்துக்காலிட்டு உட்கார்ந்தார். கல்யாணமான நாளிலிருந்து அவர் அடுப்படியில் உட்கார்ந்து நான் பார்த்ததில்லை.

"ஏட்டி கோமதி, அந்த அம்மா வேற ஏதாச்சும் எழுதியிருக்காளா? துரைசானி குடுத்ததுல இன்னும் இருக்குமா? மாசம் ஒண்ணு கேக்காங்க."

ஆசையாக இருந்தது. இல்லை என்று சொன்னால் பொய். இருக்கு என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும், பகலெல்லாம் உட்கார்ந்து எழுதலாம். மதராஸில் அந்த முகம் தெரியாத மனுஷன் படிப்பான். எழுதியவர் மிஸ் வின்டில், தமிழில் தந்தவர் சங்கரநாராயண பிள்ளை என்று மாதா மாதம் அச்சில் வரும். இவரும் வாயசைத்துக்கொண்டு படிப்பார், என்னிடமே வந்து அந்தம்மா எப்படி எழுதுதா பாரு என்பார். இரண்டு கீரைத்தண்டை ஒடிக்கும் நேரம் யோசித்தேன்.

"இல்ல," என்றேன். "அவ செத்துப் போயிட்டா."

"அடடா! எப்போ?"

"ஆடிக் கடைசில."

"ஐயோ பாவம்," என்றார். மெய்யாகவே வருத்தப்பட்டார். கண் கலங்கிவிட்டது. கொஞ்ச நேரம் கடிதத்தை மடித்துக்கொண்டும் பிரித்துக்கொண்டும் உட்கார்ந்திருந்தார். "எப்பேர்ப்பட்ட மனசு அவளுக்கு. கூட இருந்தவன் குடுத்து வச்சவன்" என்று சொல்லிவிட்டு எழுந்து போனார். அன்று பகல் அவர் தூங்கவில்லை. சாயங்காலம் மிஸ் வின்டில் மறைவுக்குப் பன்னிரண்டு செய்யுளில் ஒரு இரங்கற்பா எழுதிக்கொண்டு வந்து, தபால் கட்டுவதற்குள் நல்ல பிரதி வேண்டும் என்றார்.

எடுத்துக் கொடுத்தேன். இத்தனை வருஷத்தில் அவர் எனக்காக எழுதியது அது ஒன்றுதான். அதில் நான் ஒரு எழுத்தைக்கூட மாற்றவில்லை.